எல்லையோரத்துப் பிள்ளைகளும் புவியியல் பட்டமும்

நர்சிங், பொறியியல், வணிகவியல், பி.எட். என்று பிள்ளைகளை அனுப்பிப் பழகிய, கேரள எல்லையோரக் களியக்காவிளை வட்டாரத்தில் புவியியல் பட்டம் அபூர்வமான தேர்வு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவுடன் தமிழ்நாட்டிலேயே முதலிடம் பெற்ற மாவட்டம் கன்னியாகுமரி. படிக்க இங்கே யாரும் தயங்குவதில்லை. எதைப் படிப்பது என்பதில்தான் வீடு கூடி உட்கார்ந்து பேசுகிறது. அந்தப் பேச்சில் புவியியல் எப்போது வருகிறது, யார் சொல்லி வருகிறது, அதை எடுக்கும் மாணவர் எந்த வேலையை மனதில் வைத்து எடுக்கிறார், அந்த வேலையின் வாசல் அவருக்கு உண்மையில் திறந்திருக்கிறதா என்பவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டிய நேரம் இது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடத்தை மாணவர் தேர்கிறார் என்று நாம் பேசிக்கொள்கிறோம். ஆனால் பக்கத்துப் பள்ளியில் எந்த குரூப் இருக்கிறது, எட்டும் தூரத்துக் கல்லூரியில் எந்தத் துறை இருக்கிறது, தேர்வாணைய அறிவிக்கையில் எந்தப் பட்டத்தின் பெயர் அச்சாகியிருக்கிறது என்ற மூன்றும் அந்தத் தேர்வில் பாதிக்கு மேல் முடித்துவைத்துவிடுகின்றன. எல்லாப் பாடத்துக்கும் இது ஓரளவு பொருந்தும். புவியியலுக்கு முழுக்கப் பொருந்தும்.

இதில் வருத்தம் என்னவென்றால், இந்தப் பாடத்தைக் கற்க இதைவிட நல்ல மண் அமைவது கடினம். களியக்காவிளை திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் ஏறத்தாழ நடுவில் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை இந்த ஊர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. 1955-இல் அறிக்கை கொடுத்த மாநில மறுசீரமைப்பு ஆணையம் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களைச் சென்னை மாநிலத்துடன் சேர்க்கச் சொன்னது. தமிழ்நாட்டோடு சேரப் போராடிய மக்கள் கேட்ட நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்தில் நின்றன. மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. வரைபடத்தில் ஒரு கோடு எப்படி விழுகிறது, எதை அலகாகக் கொண்டு மொழியை எண்ணினார்கள், கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே குடும்பம் இருக்கும்போது என்ன ஆகிறது என்பதெல்லாம் அரசியல் புவியியலின் அடிப்படைக் கேள்விகள். களியக்காவிளைப் பிள்ளைக்கு அவை பாட்டி வீட்டுக் கதைகள்.

கோடு விழுந்ததோடு விஷயம் முடியவில்லை. கேரளத்திலுள்ள நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய் விளவங்கோடு தாலுகாவில் 9,200 ஏக்கருக்குத் தண்ணீர் தர வேண்டியது. 2004 முதல் அந்தத் தண்ணீர் வரவில்லை. தமிழ்நாடு அரசு 2012-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மேற்கே விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதற்கும் கேரளத்தின் மற்றக் கட்டுமானங்களுக்கும் குமரி மாவட்டத்து மலைகளை உடைத்துக் கல் கொண்டுபோகிறார்கள் என்ற எதிர்ப்பு, களியக்காவிளை வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையில் ஆண்டுக்கணக்காக நடக்கிறது. ஆறும் மலையும் மாநில எல்லையை அறியாதவை. அவற்றைப் பங்கிட்டுக்கொள்வது மட்டும் எல்லையால் தீர்மானிக்கப்படுகிறது. இதை விளங்கிக்கொள்ளத் தேவையான படிப்புதான் புவியியல்.

களியக்காவிளையிலிருந்து கிழக்கே ஆரல்வாய்மொழி வரை சாலையில் போய்ப் பாருங்கள். ஏறத்தாழ 50 கிலோமீட்டர். இங்கே ரப்பர் தோட்டமும் செம்மண் மேடும். நடுவில் நாஞ்சில் நாட்டு வயலும் குளமும். அங்கே கணவாய்க் காற்றில் சுழலும் காற்றாலைகள். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் மாவட்டம் இது. ஆனாலும் மேற்கு ஈரமாகவும் கிழக்கு வறண்டும் இருக்கிறது. மழை நிழல் என்பதைப் பாடப்புத்தகத்தில் படமாகப் பார்த்து மனப்பாடம் செய்யும் மாணவர், அந்தப் படத்தின் உள்ளேயே குடியிருக்கிறார் என்று ஒரு ஆசிரியரும் சொல்லிக்கொடுக்காமல் பத்தாம் வகுப்பு முடிந்துபோகிறது.

கடற்கரைக்கு இறங்கினால் இன்னும் செழிப்பு. நீரோடி, மார்த்தாண்டந்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர் என்று வரிசையாக நிற்கும் ஊர்களின் ஆட்கள் கொச்சியிலிருந்து விசைப்படகில் புறப்பட்டு அரபிக்கடலின் ஆழத்துக்குப் போய்ச் சுறா பிடிப்பவர்கள். கரைக்கடல் மீனவர்கள் கண்ணுக்குத் தெரியாத கடலடிப் பாறையை எப்படித் திரும்பக் கண்டுபிடித்தார்கள்? கரையில் தெரியும் ஒரு மலைமுகட்டையும் ஒரு கோவில் கோபுரத்தையும் ஒரே நேரில் வரும்படி வைத்து ஒரு கோடு. வேறு திசையில் இன்னும் இரண்டு அடையாளங்களை நேராக்கி இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் பாறை. 1802-இல் சென்னைப் பரங்கிமலையில் அடிக்கோடு அளந்து நில அளவையாளர் லாம்டன் தொடங்கி, தெற்கே குமரி முனைப் பக்கம் வரை கொண்டுவந்த முக்கோண அளவையின் அறிவும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்ற இரண்டு அதிகாரிகள் திருவிதாங்கூர் முழுவதையும் அளந்து குறிப்பெழுதினார்கள். அந்த அளவையாளர்களின் பெயர் நூலில் நின்றது. பாறையைக் கண்டுபிடித்த மீனவரின் பெயர் எந்த நூலிலும் ஏறவில்லை. விலங்கியல் பேராசிரியரான வறீதையா கான்ஸ்தந்தின் போன்றோர் நெய்தல் நிலத்தைத் தொடர்ந்து எழுதி இந்தக் குறையைக் கொஞ்சம் தீர்த்திருக்கிறார்கள். அந்த வேலைக்குப் புவியியல் பட்டதாரி ஒருவரும் தோள் கொடுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

பழைய தமிழ் இலக்கணத்திலும் நிலம் முன்னே நிற்கிறது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்தது. அதன் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்குத் தெற்கு எல்லையாகக் குமரியைச் சொன்னது. பாயிரத்தில் வரும் அதங்கோட்டாசானின் ஊர், களியக்காவிளைக்குப் பக்கத்திலிருக்கும் அதங்கோடுதான் என்று இங்குள்ளவர்கள் நம்புகிறார்கள். இத்தனை இருந்தும் பாடம் பிள்ளைகளின் நெஞ்சில் ஒட்டவில்லை என்றால், கோளாறு எங்கே?

பள்ளியிலிருந்து தொடங்கலாம். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு வரை புவியியல் தனிப் பாடமாக இல்லை. வரலாறு, குடிமையியல், பொருளியல் இவற்றோடு சமூக அறிவியல் என்ற ஒரே புத்தகத்தில் ஒரு பகுதி. அந்தப் புத்தகத்தை நடத்தும் ஆசிரியர்களில் பெரும்பாலோர் வரலாறு படித்தவர்கள். அவர்கள்மேல் குறை சொல்லவில்லை. தான் படிக்காத பாடத்தைப் பொறுப்போடு நடத்துகிறவர்கள் அவர்கள். ஆனாலும் பேரரசுகளின் கதையைக் கண் மின்னச் சொல்லும் அதே ஆசிரியர், மண்வகைகளுக்கு வந்ததும் ‘இதை அப்படியே படித்துக்கொள்ளுங்கள், இரண்டு மதிப்பெண் கேள்வி’ என்று கடந்துபோகிறார். தேர்வில் வரைபடக் கேள்வி உறுதியாக உண்டு. அதனால் வரைபடம் என்பது ஆறுகளையும் துறைமுகங்களையும் குறித்து மதிப்பெண் வாங்கும் தாளாக மாணவர் மனதில் பதிகிறது. வெளியே போய் ஒரு ஓடையின் போக்கைக்கூடப் பார்க்காமல் ஐந்து ஆண்டுப் புவியியல் முடிகிறது.

பிளஸ் ஒன் சேரும்போதுதான் முதல் முடிச்சு. மொழிப்பாடங்கள் போக நான்கு பாடங்கள் கொண்ட குரூப்களில், புவியியல் இருக்கும் குரூப் எல்லாப் பள்ளியிலும் கிடையாது. அறிவியல் குரூப் கேட்டுக் கிடைக்காதவர்கள் வணிகவியலுக்கும், அங்கும் கிடைக்காதவர்கள் கலைப்பிரிவுக்கும் தள்ளப்படுகிறார்கள். புவியியல் அந்தக் கடைசிப் பெட்டியில் வைக்கப்பட்டிருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம், பாறசாலை முதல் உள்ள கேரளப் பள்ளிகளில் வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியலோடு புவியியலும் சேர்ந்த கலைப்பிரிவு ஓரளவு பரவலாக இருக்கிறது. நடந்துபோகும் தூரத்தில் இரண்டு பிள்ளைகள். இருவருக்கும் ஒரே அளவு ஆர்வம் இருக்கட்டும். மாநிலம் மாறினால் கிடைக்கும் பாடமும் மாறுகிறது. தேர்வு என்பது மாணவரின் மனத்தில் மட்டும் நடப்பதில்லை என்று நான் சொல்வதற்கு இதைவிடப் பக்கத்துச் சான்று வேண்டாம்.

உலகத்திலிருந்தும் சான்று உண்டு. இங்கிலாந்தில் 14 வயது வரை புவியியல் கட்டாயப் பாடம். 2010-இல் அங்கே பள்ளிகளை மதிப்பிடும் அளவுகோலில் வரலாறு அல்லது புவியியல் ஒன்று இருக்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். அதன்பின் 16 வயதுப் பொதுத்தேர்வில் புவியியல் எழுதுவோர் எண்ணிக்கை ஏறியது. பிள்ளைகளின் ஆர்வம் ஒரே ஆண்டில் பெருகிவிடவில்லை. விதி மாறியது, பள்ளி மாறியது, தேர்வும் மாறியது. எதிர்ப்பக்கமும் பாருங்கள். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1948-இல் புவியியல் துறையை மூடியது. பின்னர் வேறு சில பெரிய பல்கலைக்கழகங்களும் அவ்வழியே போயின. அந்த நாட்டில் அந்தப் பாடம் மதிப்பிழந்ததற்கு அந்த முடிவுகளும் ஒரு காரணம். ஒரு துறையை மூட ஒரு கையெழுத்து போதும். அது திரும்ப முளைக்கத் தலைமுறைகள் ஆகின்றன.

நமக்கு இன்னும் நெருக்கமானது இலங்கை. அங்கே உயர்தரத்தில் கலைப்பிரிவு எடுக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புவியியல் ஒதுக்குப்புறப் பாடமாக இருந்ததில்லை. தமிழிலேயே நூல்கள், தமிழிலேயே ஆசிரியர்கள், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வலுவான துறை. புவியியலாளரான பேராசிரியர் பொ. பாலசுந்தரம்பிள்ளை அந்தப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவே இருந்தார். செங்கை ஆழியான் என்று நாம் அறிந்த க. குணராசா (1941–2016) பேராதனையில் புவியியல் படித்து, நிர்வாக சேவையில் அதிகாரியாகப் பணிசெய்து, மாணவர்களுக்குப் புவியியல் நூல்களும் எழுதி, ‘வாடைக்காற்று’ போன்ற நாவல்களையும் தந்தவர். மீனவர் வாழ்வையும் காற்றின் பருவத்தையும் அவரால் அப்படி எழுத முடிந்ததில் அந்தப் படிப்புக்குப் பங்கில்லை என்று நான் நம்பமாட்டேன். ஒரே பட்டம் ஒருவரை ஆசிரியராகவும் அதிகாரியாகவும் எழுத்தாளராகவும் ஆக்கியது. ‘இதப் படிச்சா என்ன வேல கிட்டும் மக்களே?’ என்று கேட்கும் விளவங்கோட்டுத் தகப்பனாருக்குச் சொல்ல இவர் நல்ல எடுத்துக்காட்டு.

இனி நம் கல்லூரிகள். தமிழ்நாட்டில் புவியியலுக்குப் பழைய மரபு இருக்கிறது. 1926-இல் சென்னையில் தொடங்கிய மதராஸ் புவியியல் சங்கம்தான் பின்னாளில் இந்தியப் புவியியல் சங்கம் ஆயிற்று. அதன் ஆய்விதழும் அன்று தொடங்கியதே. சென்னைப் பல்கலைக்கழகம், மாநிலக் கல்லூரி, ராணி மேரி கல்லூரி, கோவை அரசு கலைக் கல்லூரி, நிர்மலா கல்லூரி என்று துறைகள் வளர்ந்தன. வரைபடத்தில் இவற்றைக் குறித்துப் பார்த்தால் பெரும்பாலும் வடக்கிலும் மேற்கிலும் விழுகின்றன. 1893 முதல் கல்லூரியாக இயங்கும் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி இருக்கும் மாவட்டம், 1952-இல் தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரியைக் கண்ட மாவட்டம் இது. கணிதம், இயற்பியல், தாவரவியல், வரலாறு இங்கே ஊன்றிய அளவில் ஒரு பங்குகூடப் புவியியல் ஊன்றவில்லை. திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் புவித்தொழில்நுட்ப மையம் நடத்துகிறது. ஆனால் அது மேற்படிப்பு. பிளஸ் டூ முடித்துவரும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு அருகில் இருக்கும் பெயர் பெற்ற துறை, ரயிலேறிப் போகும் திருவனந்தபுரம் யூனிவர்சிட்டி கல்லூரியில்தான். அங்கே போனால் பாடம் கிடைக்கும். அதோடு வேற்றுமாநில இடஒதுக்கீடு, மலையாளம் பேசும் வகுப்பு, திரும்பி வந்தால் பட்டத்துக்கு இணைச் சான்று என்ற மூன்று தொல்லைகளும் கிடைக்கும். சென்னைக்கோ கோவைக்கோ போனால் விடுதிச் செலவு. பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பத் தயங்கும் வீட்டில் பேச்சு அங்கேயே முடிகிறது.

இத்தனையும் தாண்டிப் புவியியல் எடுப்பவர்கள் யார்? ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் பேசிப் பார்த்ததில் அவர்களை மூன்று வகையாகப் பிரிக்கத் தோன்றுகிறது. ஒரே வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் அவர்கள் மூவரும் வேறு வேறு இடத்துக்குப் போகிறவர்கள்.

முதல் வகையினர் ஐஏஎஸ் கனவோடு வருகிறவர்கள். அவர்களின் கணக்கு தெளிவானது. குடிமைப்பணி முதன்மைத் தேர்வில் 2013 முதல் விருப்பப் பாடம் ஒன்றுதான். அதற்கு 500 மதிப்பெண். எழுத்துத் தேர்வின் மொத்தம் 1,750. புவியியலை விருப்பப் பாடமாக எடுத்தால் பொது அறிவு முதல் தாளின் ஒரு பெரிய பகுதியும், மூன்றாம் தாளில் வேளாண்மை, சுற்றுச்சூழல், பேரிடர் மேலாண்மையும் கூடவே தயாராகிவிடும். டிஎன்பிஎஸ்சி தேர்வுகளிலும் புவியியல் கேள்விகள் உண்டு; எல்லையோரத்தில் ‘பிஎஸ்சி’ என்றால் மனதில் முதலில் வரும் கேரளத் தேர்வாணையத்திலும் உண்டு. நான் முதல்வன் திட்டத்தில் குடிமைப்பணி முதல்நிலைத் தேர்வுக்குத் தயாராகும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பத்து மாதம் மாதந்தோறும் 7,500 ரூபாய் தமிழ்நாடு அரசு தருகிறது. இதனால் ஏழை வீட்டுப் பிள்ளையும் துணிந்து இந்தக் கனவைக் காண முடிகிறது. இந்த ஆசையை நான் மதிக்கிறேன். ஆட்சியர் நாற்காலியில் மண்ணையும் நீரையும் அறிந்தவர் உட்கார்ந்தால் மக்களுக்கு நல்லது. என் கவலை வேறு. இவர்களில் மிகச் சிலரே வெற்றி பெறுவார்கள். மற்றவர்கள் பயிற்சி மையக் குறிப்பில் மட்டும் புவியியல் படித்து, களத்தில் ஒரு நாளும் நிற்காமல், கணினியில் ஒரு வரைபடமும் செய்யாமல், இருபத்தெட்டு வயதில் கையில் பட்டமும் வேலை தெரியாத நிலையுமாக நிற்கிறார்கள். கனவோடு சேர்த்து ஒரு தொழிலறிவும் கற்றுவைத்துக்கொள் என்று அவர்களிடம் முதலாண்டிலேயே சொல்ல வேண்டிய கடமை கல்லூரிக்கு உண்டு.

இரண்டாம் வகை, ஆசிரியராக விரும்புகிறவர்கள். பெண்பிள்ளைகளிடம் இந்த விருப்பம் அதிகம். ஊரோடு இருக்கலாம், குடும்பமும் ஒப்புக்கொள்ளும். ஆசிரியர் தேர்வு வாரியம் பட்டதாரி ஆசிரியர், முதுநிலை ஆசிரியர் இரு நிலைகளிலும் புவியியலுக்கு ஆளெடுக்கிறது. ஆனால் புவியியல் குரூப் உள்ள மேல்நிலைப் பள்ளிகள் குறைவு என்பதால் முதுநிலை இடங்களும் குறைவு. இதில் ஒரு நச்சுச் சுழல் இருக்கிறது. ஆசிரியர் இல்லை என்று பள்ளி குரூப் தொடங்குவதில்லை. குரூப் இல்லாததால் கல்லூரிக்கு மாணவர் வருவதில்லை. மாணவர் வராததால் கல்லூரி துறை தொடங்குவதில்லை. துறை இல்லாததால் ஆசிரியர் உருவாவதில்லை. யாராவது ஒருவர் ஓரிடத்தில் இதை வெட்ட வேண்டும். அதை மாணவரால் செய்ய முடியாது. அரசாலும் பல்கலைக்கழகத்தாலும் மட்டுமே முடியும்.

மூன்றாம் வகையினர் எண்ணிக்கையில் சிறியவர்கள். எனக்கு அதிக நம்பிக்கை தருகிறவர்களும் அவர்களே. கைபேசியில் வரைபடம் பார்த்து வளர்ந்து, ஜிஐஎஸ் (புவித்தகவல் முறைமை), தொலையுணர்வு, டிரோன் என்ற சொற்களைக் கேட்டு வருகிறவர்கள். இவர்கள் காலம் நல்ல காலம்தான். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வரைபடத் தரவுகளுக்கு இருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. 2022 டிசம்பரில் தேசியப் புவியிடக் கொள்கை வந்தது. கிராமக் குடியிருப்புகளை டிரோனால் அளக்கும் ஸ்வாமித்வா திட்டம் 2020-இல் தொடங்கியது. 2016-இல் ஆப்பிள் நிறுவனம் ஹைதராபாத்தில் வரைபட மையம் திறந்தது. இஸ்ரோவின் புவன் வரைபடத் தளம் 2009 முதல் இருக்கிறது. டேராடூனிலுள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையவழியில் இலவச வகுப்பு நடத்துகிறது. கியூஜிஐஎஸ் மென்பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டாம். களியக்காவிளையிலிருந்து ஒரு மணிநேரப் பயணத்தில் திருவனந்தபுரம் ஆக்குளத்தில் தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையம் இருக்கிறது. 1978-இல் கேரள அரசு தொடங்கிய அந்த நிறுவனத்தை 2014-இல் மத்திய அரசு ஏற்றுக்கொண்டது.

ஆனால் இந்த வேலைகளைப் பற்றிய உண்மையை முழுதாகச் சொல்ல வேண்டும். வானிலைத் துறையில் வேலை வேண்டுமென்றால் இயற்பியலோ கணினியோ மின்னணுவியலோ கேட்கிறார்கள். இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கு நிலவியல் முதுகலை வேண்டும். நில அளவை? 2022-இல் டிஎன்பிஎஸ்சி ஆயிரத்துக்கும் மேற்பட்ட நில அளவர், வரைவாளர் பணியிடங்களை அறிவித்தபோது கேட்ட தகுதி கட்டடப் பொறியியல் பட்டயம் அல்லது ஐடிஐ சான்று. மூன்றாண்டு வரைபடம் படித்தவருக்கு அங்கே இடமில்லை. புவியியல் பட்டதாரிக்குரியவை என்று ஊர் நினைக்கும் மூன்று வாசல்களும் அவருக்கு இப்படிச் சாத்தியிருக்கின்றன. தனியார் ஜிஐஎஸ் நிறுவனங்கள் எந்தப் பட்டதாரியையும் எடுத்துப் பழக்கிக்கொள்கின்றன. செயற்கைக்கோள் படத்தின்மேல் வீடுகளையும் சாலைகளையும் வரைந்துகொண்டேயிருக்கும் அந்தத் தொடக்கநிலை வேலையைக் கணினியே செய்யத் தொடங்கிவிட்டது. கூகுளும் மைக்ரோசாஃப்ட்டும் கட்டடங்களைத் தானாக அடையாளம் கண்ட தரவுகளைப் பொதுவில் வெளியிட்டிருக்கின்றன.

அப்படியானால் புவியியல் படித்தவரிடம் மட்டும் இருக்கும் திறன் எது? படத்தில் பச்சையாகத் தெரிவது ரப்பரா இயற்கைக் காடா என்று தரைக்குப் போய்ச் சொல்லக்கூடிய திறன். மழை, மண், சரிவு, மனிதர் என்ற நான்கையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் பழக்கம். எல்லையோரப் பிள்ளைக்கு இன்னொரு சொத்தும் உண்டு. குமரி மாவட்டத்தின் பழைய நிலப் பிரமாணங்கள் மலையாளத்தில் இருக்கின்றன. இன்றைய பதிவுகள் தமிழில். கேரளம் 2022 நவம்பரில் டிஜிட்டல் மறு அளவையைத் தொடங்கி, டிரோனும் செயற்கைக்கோள் இடமறிக் கருவிகளும் கொண்டு ஊர் ஊராக அளந்துவருகிறது. இரண்டு மொழியும் வாசிக்கத் தெரிந்து, அளவையும் அறிந்து, கணினி வரைபடமும் செய்யக்கூடிய பட்டதாரி எத்தனை பேர் இருக்கிறார்கள்? அப்படிப்பட்டவரை உருவாக்கக் களியக்காவிளையைவிடப் பொருத்தமான இடம் எது?

இந்தப் படிப்பின் மதிப்பைச் சம்பளத்தால் மட்டும் அளக்க எனக்கு மனமில்லை. காரணம் 2017 நவம்பர் 29, 30. குமரிக் கடலில் ஒக்கி உருவாகிப் புயலான அந்த நாட்களில் தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் கரையிலிருந்து பல நாள் தொலைவில் இருந்தார்கள். அவர்களின் கம்பியில்லாக் கருவிக்கு எட்டாத தூரம். எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. வீடு திரும்பாதவர்களின் படங்கள் இன்றும் அந்த ஊர்களின் சுவர்களில் இருக்கின்றன. அதற்குப் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடலுக்குச் செய்தி சொல்லும் ஜெமினி கருவி 2019-இல் வந்தது. ஹைதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் மீன்வளப் பகுதிகளையும் அலை எச்சரிக்கைகளையும் நாள்தோறும் வெளியிடுகிறது. அந்தத் தகவலைத் தூத்தூர் மீனவரின் பேச்சில், அவர் நம்பும் விதத்தில், அவர் கடலுக்குப் போகும் முன்னால் சேர்ப்பதற்கு ஒரு ஆள் வேண்டும். கடற்கரையில் தூண்டில் வளைவு போட்டால் அடுத்த ஊரில் கடலரிப்பு கூடுமா என்று கணக்குப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். நெய்யாற்றுத் தண்ணீர் வராத கால்வாயில் கடைமடை எங்கே நின்றது என்று வரைந்து நீதிமன்றத்துக்குக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். எந்த மலையை எவ்வளவு வெட்டியிருக்கிறார்கள் என்று பத்தாண்டு செயற்கைக்கோள் படத்தை ஒப்பிட்டு ஊராட்சிக் கூட்டத்தில் காட்ட ஒரு ஆள் வேண்டும். இந்த வேலைகளுக்கு இன்று பதவிப் பெயர் இல்லை. வேலை மட்டும் குவிந்து கிடக்கிறது.

எனவே கேட்க வேண்டியவற்றைக் கேட்டுவிடுகிறேன். மேற்குக் குமரியில், விளவங்கோடு அல்லது கிள்ளியூர் தாலுகாவில், ஒரு கல்லூரியிலாவது புவியியல் இளங்கலையைப் புவித்தகவல் பயிற்சியோடு சேர்த்து மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் உயர்கல்வித் துறையும் தொடங்க வேண்டும். அதன் களப்பயிற்சி நீரோடி முதல் பேச்சிப்பாறை வரை நடக்க வேண்டும். பக்கத்து மேல்நிலைப் பள்ளிகள் சிலவற்றில் புவியியல் குரூப் திறந்து, அங்கே புவியியல் படித்த ஆசிரியரையே நியமிக்க வேண்டும். நில அளவர், வரைவாளர் பணிகளுக்கான தகுதியில் புவியியல், புவித்தகவலியல் பட்டங்களையும் டிஎன்பிஎஸ்சி சேர்க்க வேண்டும். எல்லை தாண்டிக் கேரளத்தில் படித்துவரும் பிள்ளைகளின் பட்டத்துக்கு இணைச் சான்று தாமதமின்றிக் கிடைக்க ஒரு நிலையான ஏற்பாடு வேண்டும்.

பிளஸ் டூ முடித்து இந்தப் பாடத்தை யோசிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். ஐஏஎஸ் ஆக வேண்டுமென்றால் படியுங்கள், ஆசிரியராக வேண்டுமென்றால் படியுங்கள். எதற்காகப் படித்தாலும் புள்ளியியலும் ஒரு வரைபட மென்பொருளும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள், மலையாளம் வாசிக்கப் பழகுங்கள், விடுமுறையில் உங்கள் ஊர்க் குளத்தையும் ஓடையையும் அளந்து ஒரு வரைபடம் போடுங்கள். நேர்காணலில் அந்த வரைபடத்தை மேசைமேல் விரித்துக் காட்டுங்கள்.